எழுவாய் இல்லாத வாக்கியங்கள்: 1990இன் கிழக்கிலங்கையும் தமிழ் எழுத்தும்

கொல்லிமலையைச் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் தமிழாசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவரின் இல்லத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பதினெட்டை ஒட்டி இரு நாள் தங்கியிருந்தேன். செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கும் நாள்கள் அவை. ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் ஆகஸ்ட் 2, 3. ஓரியின் முடிவைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் நற்றிணையின் 320ஆம் பாடலை எடுத்தார். கபிலர் பாடியது. ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரொலி அப்பாட்டில் வருகிறது. ஆனால் அது போர்ப்பாட்டு அன்று, மருதத்திணைப் பாட்டு. பரத்தை ஒருத்தி தெருவில் நடந்ததைக் கண்டு ஊர் எழுப்பிய ஆரவாரத்துக்கு அந்தப் பேரொலி உவமையாக நிற்கிறது.

“தலைவன் வீழ்ந்து, பகைவன் தெருவுக்குள்ளேயே வந்துவிட்ட ஒரு குடியிருப்பின் அலறல், பிறர் வீட்டு ஊடலுக்கு உவமையாகப் போய்விட்டது பாருங்கள்” என்றார் அவர். எனக்கு வேறொன்று தோன்றியது. உவமையாகச் சுருங்கிய போதிலும் கபிலர் ஒன்றை மறைக்கவில்லை. கொன்றவன் பெயரும் கொல்லப்பட்டவன் பெயரும் பாட்டில் அப்படியே இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தப் புலவரிடம் இருந்த இச்சிறு நேர்மை, நம் காலத்துத் தமிழ் எழுத்தில் எங்கே தவறிப்போனது என்ற வினா அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை. அன்று ஆகஸ்ட் 3. ஈழத்து முஸ்லிம்களின் நினைவில் அந்தத் தேதிக்கு உரிய தெரு வேறு.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் மக்கள் இஷாத் தொழுகையில் அணிவகுத்து நின்றனர். விடுதலைப் புலிகள் ஆயுதங்களோடு வந்து, தொழுகையில் நின்றவர்களைச் சுட்டனர், கைக்குண்டுகளை எறிந்தனர். இறந்தவர்களுள் சிறுவர்களும் உண்டு. ஊரார் ஆண்டுதோறும் நினைவுகூரும் எண்ணிக்கை 103. அது 140ஐத் தாண்டும் எனக் கூறும் பதிவுகளும் உள. அதற்கு முந்திய மாதத்தில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோய்க் கொன்றிருந்தனர். ஆகஸ்ட் 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஏறாவூரில், உறக்கத்திலிருந்த குடும்பங்களுள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் தேதி சோனகத்தெரு மக்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூடச்செய்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நகையும் வீட்டுப் பத்திரமும் வழியிலேயே பறிபோயின. பெரும்பாலோர் புத்தளத்துக் கொட்டில்களில் ஒதுங்கினர். 1992இல் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையிலும் பள்ளியகொடல்லவிலும் இதுவே கிராம அளவில் மறுபடி நிகழ்ந்தது.

காத்தான்குடிச் சம்பவத்துக்கு முந்தைய நாள்தான் ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. முஸ்லிம் உலகின் கண் முழுவதும் வளைகுடாவின்மேல் இருந்தது. நமது செவியும் அன்று அங்கேதான் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

நிகழ்ச்சிகளை மீளச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை தமிழில் எவ்வாறு எழுதப்பட்டன என்பதே நாம் நோக்கவிருப்பது. அதற்கு இலக்கணத்திலிருந்து தொடங்குவது நலம்.

‘வெளியேறினர்’, ‘வெளியேற்றினர்’ ஆகிய இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு றகர ஒற்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அந்த ஓர் ஒற்றுக்குள்ளேதான் 75,000 மனிதர்களின் வழக்கு அடங்கியிருக்கிறது. ஈழப் போரைப் பற்றித் தமிழகத்தில் அச்சான நூல்களையும் சிறப்பிதழ்களையும் புரட்டிப் பார்ப்போர்க்கு இவ்வொற்று எத்தனை எளிதில் உதிர்ந்துவிடுகிறது என்பது புலனாகும். ‘முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேறிய பின்’ என்று ஒரு வாக்கியம் போகிறபோக்கில் கடந்துவிடும். சற்றே மனம் உறுத்தும் ஆசிரியர் ‘வெளியேற்றப்பட்டனர்’ எனச் செயப்பாட்டு வினைக்கு வருவார். ‘எவரால்’ என்பதை எழுதமாட்டார். இன்னும் நாகரிகம் பார்ப்பவர் ‘இடப்பெயர்வு’ என்பார். பறவைகளும் இடம்பெயர்கின்றன. காத்தான்குடிக்கு வரும்போது, ‘பள்ளிவாசலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது’ என்பதே வழக்கமான அமைப்பு. மழை பெய்தது என்பதைப் போல.

எழுவாயைத் தொக்கவிட்டும் பொருள் விளங்கச் செய்யும் வசதி தமிழுக்கு இயல்பாக உண்டு. தோன்றா எழுவாய் என்று இலக்கணம் அதற்குப் பெயரும் தந்திருக்கிறது. ஆனால் தோன்றா எழுவாய் என்பது கேட்போன் உள்ளத்தில் தோன்றும் எழுவாய். மேற்காட்டிய வாக்கியங்களிலோ, கேட்போன் உள்ளத்திலும் அது தோன்றாதிருக்க வேண்டும் என்பதற்காகவே மறைக்கப்படுகிறது. இது வேறு வகை.

இவ்வழக்கத்தின் உச்சம் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் நடந்த புகழ்பெற்ற செய்தியாளர் சந்திப்பு. ராஜீவ் காந்தி கொலை பற்றிய வினாவுக்கு ‘துன்பியல் சம்பவம்’ என்னும் சொற்றொடர் விடையாக வந்ததைத் தமிழகத்தில் எல்லோரும் அறிவர். அதே மேடையில் வடக்கு முஸ்லிம்களைப் பற்றியும் கேட்கப்பட்டது. அன்டன் பாலசிங்கம் அது ஓர் அரசியல் தவறு என்னும் பொருள்படப் பேசி, வருத்தம் தெரிவித்தார். அடுத்த சில நாள்களில் புலிகளின் தலைவரும் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டனர். அந்த வருத்தத்தை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வாராத சொல் அது. ஆயினும் ‘தவறு’ என்பது கணக்கில் நேர்வது, வழியில் நேர்வது. இரண்டு மணி நேரக் கெடு விதித்து, ஊர் ஊராக அறிவித்து, சோதனைச் சாவடியில் காதுத்தோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வது தவறன்று, அது திட்டம். கிழக்கின் பள்ளிவாசல்களைப் பற்றி அந்த அளவு வருத்தமும் எழவில்லை. அவற்றுக்கு இயக்கம் பொறுப்பேற்கவே இல்லை.

இவ்விடத்தில் வேறொரு நாட்டின் வழக்கைக் காண்பது பயன் தரும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த வோலீனியாவில் (இன்று மேற்கு உக்ரைனின் பகுதி), உக்ரைனிய தேசியவாதிகளின் கிளர்ச்சிப் படை போலந்து இனத்தாரின் கிராமங்களை அழித்தது. 1943 ஜூலை 11 ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் பல கிராமங்களைச் சூழ்ந்தனர். போரிட்ஸ்க், கிஸிலின் ஆகிய ஊர்களில் தேவாலயத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரையே தாக்கினர். மக்கள் ஒன்றுகூடித் தம்மை மறந்து நிற்கும் வேளை எது என்று கொலைகாரர்கள் எங்கும் அறிந்தே வைத்திருக்கின்றனர். வோலீனியாவில் மட்டும் 40,000 முதல் 60,000 வரை போலந்தியர் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். பழிவாங்கும் தாக்குதல்களில் போலந்தியரும் ஆயிரக்கணக்கான உக்ரைனியரைக் கொன்றனர்.

நமக்கு வேண்டியது இதன் பின்கதை. உக்ரைனில் இதற்கு வழங்கும் பெயர் ‘வோலீனியத் துயரம்’. போலந்தில் ‘வோலீனியப் படுகொலை’. ஒரு பெயரில் கொன்றவன் இல்லை, மற்றதில் இருக்கிறான். எண்பது ஆண்டுகளாக இரு நாடுகளும் இந்த ஒரு சொல்லுக்காகவே வழக்காடி வருகின்றன எனல் மிகையன்று. 2003இல் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் பழைய போரிட்ஸ்க் ஆகிய பவ்லிவ்காவில் சேர்ந்து நின்று நினைவுச்சின்னம் திறந்தனர். 2016இல் போலந்து நாடாளுமன்றம் அதனை இனப்படுகொலை என அறிவித்தது. அதே ஆண்டில் ஸ்மர்ஸோவ்ஸ்கியின் ‘வோலீனியா’ திரைப்படம் வெளிவந்தது. கீவ் நகரில் ஏற்பாடாகியிருந்த அதன் சிறப்புக் காட்சி நிறுத்தப்பட்டது. அப்படத்தின் தகுதியாக நான் கருதுவது அதன் கொடூரக் காட்சிகளையன்று. அவை தேவைக்கு மேற்பட்டன என்றே சொல்வேன். போலந்து இயக்குநர் தம் இனத்தார் உக்ரைனியக் குடும்பத்தைப் பழிவாங்கிக் கொல்லும் காட்சியையும் தம் படத்திலேயே வைத்தார் என்பதே அதன் தகுதி. 2025இல், உக்ரைன் மண்ணில், போரின் நடுவிலும், புஸ்னிகி என்ற அழிந்த கிராமத்தின் புதைகுழியைத் தோண்டி எலும்புகளை எடுத்து அடக்கம் செய்தனர்.

போலந்தியருக்கு எழுவாயைக் கேட்க ஓர் அரசு இருந்தது. காத்தான்குடிக்கு அப்படி ஒன்று இல்லை. இருந்த அரசு, அந்தக் கொலைகளைத் தனக்கு வேண்டிய மேடைகளில் எடுத்துக்காட்டியதேயன்றி விசாரித்துத் தீர்க்கவில்லை. அக்காலத்தில் கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா, இயக்கத்தைவிட்டுப் பிரிந்து வந்தபின், 2009இல் தேசிய நல்லிணக்கத்துக்கே அமைச்சரானார். காத்தான்குடிப் பொறுப்பை அவர் மறுத்தே வந்தார். குருக்கள்மடத்துப் புதைகுழியைத் தோண்டவேண்டும் என்று உறவினர் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க நேர்ந்தது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அது இலக்கியத்தைத் தொடுவது. வோலீனியாவில் மொழி வேறு, திருச்சபை வேறு. காத்தான்குடியில் சுட்டவன் பேசியதும் தமிழ், சுடப்பட்டவன் கடைசியாக அலறியதும் தமிழ். ஒரே மொழியாளர் ஆதலால் ஒரே இனம். ஒரே இனம் ஆதலால் ஒரே அணி. அணியைவிட்டு விலகினால் துரோகி. இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி மிகப் பழையது. 1885இல் சட்டசபையிலும் 1888இல் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலும் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அஸீஸின் வாதங்கள் எல்லாவற்றையும் இன்று ஏற்க இயலாது; அரபு வமிசப் பெருமையில் அவர் வேண்டிய அளவுக்கு மேலேயே சாய்ந்தார். ஆனால் ‘நான் யார் என்பதை நீ தீர்மானிக்காதே’ என்னும் மறுப்பின் உயிர் செல்லத்தக்கது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, சீறாப்புராணத்தைத் தன் வீட்டுச் சொத்தாக ஓதிவந்த ஒரு சமூகம், அந்த மொழியின் பெயராலேயே வெளியேற்றப்பட்டது என்பதில் உள்ள முரணை, மொழியையே ஈமானாகக் கொண்டு எழுதிய நம் புலவர் பலரும் எதிர்கொள்ளத் துணியவில்லை.

துணிந்தோர் உண்டு. அவர்களைச் சொல்லாது விடுதல் நீதியாகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அத்துயரத்தின் அழியாத தமிழ்க் கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான். ‘புத்தரின் படுகொலை’ என்ற அக்கவிதையின் ஆற்றல் அதன் உருவகத்தில் மட்டும் இல்லை. கொன்றவர் எவர், என்ன உடையில் வந்தார், எவருடைய ஆள் என்பதைக் கவிதை தொடக்கத்திலேயே நேராகச் சொல்லிவிடுகிறது. எழுவாய் அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. தன் ஊரல்லாத ஊருக்காக, தன் சமயத்தாரல்லாத மக்களின் நூலகத்துக்காக, ஒரு முஸ்லிம் கவிஞர் அந்த வாக்கியத்தை எழுதினார். ஒன்பது ஆண்டுக்குப் பின் அந்நூலகத்துக்கு நடைதூரத்தில் இருந்த சோனகத்தெரு காலியானபோது, அதே அமைப்பிலுள்ள வாக்கியத்தைத் திருப்பித்தரத் தமிழ்ப் பெருங்கவிஞருள் எத்தனை பேர் முன்வந்தனர்? வ.ஐ.ச. ஜெயபாலனைப் போல, முஸ்லிம்களின் தனித்துவத்தை 1980களிலேயே ஏற்று எழுதிய சிலரைத் தவிர்த்தால், விரல்கள் மிஞ்சும்.

கவிதைக்கு வெளியே, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற யாழ்ப்பாணத்துச் சிறு குழுவினர் மட்டக்களப்பு, அம்பாறை பற்றி 1991இல் வெளியிட்ட அறிக்கையை நான் இலக்கியமாகவே வாசிக்கிறேன். அக்குழுவின் ரஜனி திராணகமவை 1989 செப்டம்பரில் சுட்டுக் கொன்றிருந்தனர். எஞ்சியோர் தலைமறைவாக இருந்து எழுதினர். ஊர், நாள், செய்தவர், சாட்சி என்ற வரிசை தவறுவதில்லை. முஸ்லிம்களைப் புலிகள் கொன்றதும், தமிழரை அரசப் படையும் முஸ்லிம் ஊர்காவற் படையும் கொன்றதும் ஒரே மைதான நடையில் அதில் இடம்பெறுகின்றன. ஹதீஸ் கலையில் பயின்றோர்க்கு இந்நடை அந்நியமாகத் தோன்றாது. அறிவிப்பாளர் யார், அவர் அங்கே இருந்தாரா, அவருக்கு இதில் நலன் உண்டா என்று கேட்டுக் கேட்டுச் செய்தியைத் தேர்ந்த மரபு நம்முடையது. ரஜனியின் மகள் ஷாரிகா திராணகம பின்னாளில் மானிடவியலாளராகிப் புத்தளத்து அகதிகளிடையே ஆய்வு செய்து 2011இல் நூலாக்கினார் என்பதையும் இங்குக் குறிக்கலாம். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை விசாரித்த குடிமக்கள் ஆணையத்தின் அறிக்கையும் அவ்வாண்டுதான் வந்தது. அது இனச் சுத்திகரிப்பு என்ற சொல்லைத் தயங்காமல் ஆண்டது.

புனைகதையில் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) தனித்து நோக்கத்தக்கது. தன் ஊர்மீது அந்த நள்ளிரவு கடந்துபோன ஓர் எழுத்தாளர், தம் நாவலின் நடுவில் யாரை வைக்கிறார்? முன்னாள் பெண் போராளிகளை. அவர்களின் உடலூனத்தையும், ஊரும் உறவும் அவர்களை ஏற்க மறுப்பதையும், ஒரு முஸ்லிம் பெண்ணின் கண்வழியே பரிவோடு எழுதிச் செல்கிறார். நாவலில் குறைகள் இல்லாமலில்லை. உரையாடல் பல இடங்களில் கருத்தரங்கப் பேச்சாகிவிடுகிறது. எனினும் ஏறாவூரிலிருந்து புறப்பட்ட இந்தக் கை நீட்டலுக்கு எதிர்க் கரையிலிருந்து நீண்ட கை எது என்று தேடினால், நெடுநேரம் தேடவேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கம் திரும்ப வேண்டும். இது கசப்பான பகுதி. ஆனால் இதனை எழுதாவிட்டால் மேலே எழுதியவற்றுக்குப் பெறுமதி இல்லை.

ஏறாவூர் தன் ஷஹீத்களை நினைவுகூரும் நாள் ஆகஸ்ட் 12. அதே 1990 ஆகஸ்ட் 12ஆம் தேதிதான், அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்மீது தாக்குதல் நடந்தது. பாருங்கள், ‘தாக்குதல் நடந்தது’ என்று என் பேனாவும் எழுதிவிட்டது. திருத்தி எழுதுகிறேன்: முஸ்லிம் ஊர்காவற் படையினர் தாக்கினர், அரசின் அதிரடிப் படை உடந்தையாக இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக வீரமுனை மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்ற 1992 ஏப்ரல் 29ஆம் தேதியே, முஸ்லிம் ஊர்காவற் படையினர் அண்டைத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லிலும் கரப்பொலையிலும் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றனர்.

நம்மவர் வெளியிட்ட ஷுஹதா மலர்களைத் தொகுத்து வைத்துப் பார்க்கிறேன். கண்ணீர் உண்மையானது, பெயர்ப்பட்டியல் மதிப்புக்குரியது. ஆனால் வீரமுனை அவற்றில் அரிதாகவே வருகிறது. வரும்போது ‘சில அசம்பாவிதங்கள்’ என்றோ, ‘எதிர்வினைகள்’ என்றோ வருகிறது. எதிர்வினை. அருமையான சொல். வினை உண்டு, வினைமுதல் இல்லை. நாம் எவரிடம் குற்றம் கண்டோமோ அவரது இலக்கணத்தையே கடன் வாங்கியிருக்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், சாட்சியம் நமக்கும் நம் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் எதிராக இருந்தபோதிலும் அதில் நிலைநிற்கப் பணிக்கிறது. அவ்வசனத்தைப் பிறர் மேடையில் ஓதுவது எளிது.

இரண்டு குற்றமும் சமம், ஆகவே இரண்டும் கழிந்தது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. வடக்கு வெளியேற்றத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடான ஒன்று கிடையாது. ஒரு மாகாணத்தின் ஒரு சமூகத்தை முழுமையாகத் துடைத்தெடுத்த செயல் அது. கணக்கைக் கழிப்பது வணிகனின் வேலை. சாட்சியின் வேலை ஒவ்வொரு வரியையும் தனித்தனியே உள்ளபடி எழுதுவது.

தமிழக முஸ்லிம் வாசகர்க்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததற்குப் பின், ஈழ ஆதரவு மேடைகளில் நம்மவர் பலர் உளமார நின்றனர். நின்றது சரியே. 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறிய பேரழிவு அது. இலங்கை இராணுவம் மருத்துவமனைகளின் மீதும் குண்டு வீசியது. அம்மேடையில் ஒருவர் காத்தான்குடியைக் குறிப்பிட்டால் ‘இப்போதா இதைப் பேசுவது?’ என்ற வினா எழும். போர் நடந்தபோது, போரின் நடுவில் பேசலாகாது என்றனர். சமாதான காலத்தில், சமாதானம் கெடும் என்றனர். தோல்விக்குப் பின், வெந்த புண்ணில் வேல் என்கின்றனர். பேசத்தக்க காலம் எது என்று கேட்டால் விடை வராது. மறுபுறம், 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் 2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புக்குப் பின்னும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் சிங்களக் கும்பல்களால் எரிக்கப்பட்டபோது, புலிகளின் கொடுமையைச் சொல்லிச் சொல்லி நம்மைத் தம் பக்கம் என்று அணைத்துக்கொண்ட அரசு எங்கே நின்றது என்பதையும் கண்டோம்.

திண்ணனூர் நாட்டு நண்பருக்கு, மலையிலிருந்து இறங்கிய வாரம் ஒரு கடிதம் எழுதினேன். காத்தான்குடி பற்றி ஒன்றரைப் பக்கம். அவர் அதைத் தம் மேல்நிலை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். ஒரு மாணவி எழுந்து, “ஐயா, சுட்டவர்களும் தமிழில்தானே பேசியிருப்பார்கள்? பள்ளிவாசலுக்குள் வந்து என்ன சொல்லியிருப்பார்கள்?” என்று கேட்டாளாம். அவருக்கு விடை தெரியவில்லை. என்னிடம் கேட்டு எழுதியிருந்தார். மீரா பள்ளிவாசலின் சுவர்களில் குண்டு துளைத்த தடங்களைப் பூசி மறைக்காமல் அவ்வூரார் இன்றும் வைத்திருக்கின்றனர் என்பதை மட்டும் அவருக்கு எழுதினேன்.